ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற உடலியல் பேராசிரியை ஆற்றிய உரை)



எட்டு மாதமாக லிஃப்டில் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "மேடம், விரல் சரியாயிடுச்சா?" தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அதனால் செயலாளர் சார் பேசச் சொன்னதும் இதையே எடுத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு முன்பு ஜன்னல் துடைக்கும்போது கண்ணாடி உடைந்து என் வலது மணிக்கட்டைக் கிழித்தது. ரத்தம் சீக்கிரம் நின்றது. சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப்போயிருந்தன. பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டேன். அது என் தவறு. மறுநாள்தான் நரம்பு அறுந்தது தெரிந்து தைத்தார்கள். மூன்று மாதம் ஆகியும் விரலில் உணர்ச்சி இல்லை. முப்பது வருடம் இந்தப் பாடத்தை நடத்திய நானே, தையல் சரியில்லையோ என்று பயந்தேன்.

தையலில் குறை இல்லை. டாக்டர் தைப்பது நரம்பின் உறையைத்தான். உள்ளே இருக்கும் இழைகளை ஒட்ட முடியாது. வெட்டுக்கு அப்பால், விரல் பக்கம் இருக்கும் இழை அழிந்துவிடும். 1850-இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டி இதைக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து புது இழை வளர்ந்துதான் விரலுக்கு வர வேண்டும். பழைய உறை அதற்கு வழி காட்டும்.

வளர்வதற்கான சரக்கு எங்கிருந்து வருகிறது? அந்த இழையின் செல் கழுத்தில், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. பெரும்பாலான புரதங்கள் அங்கேதான் தயாராகின்றன. இழைக்குள் நுண்குழல்கள் தண்டவாளம் போல நீண்டிருக்கும். கைனசின் என்ற புரதம் சரக்கைச் சுமந்து விரல் பக்கம் நடக்கும். டைனீன் செல்லுக்குத் திரும்பி நடக்கும். "இங்கே வெட்டுப்பட்டுவிட்டது" என்ற செய்தியையும் அதுதான் கொண்டுபோகிறது. செய்தி கிடைத்ததும் செல் தன் வழக்கமான வேலையைக் குறைத்து, கட்டுமானப் புரதங்களை அதிகம் தயாரிக்கும்.

சிறு பொட்டலங்கள் ஒரு நாளில் 400 மில்லிமீட்டர் வரை போகும். அப்படியானால் இரண்டே நாளில் விரல் சரியாக வேண்டாமா? ஆகாது. நம் வீட்டுக்கு பார்சல் அன்றே வரும். கட்டடத்துக்குக் கம்பியும் சிமென்ட்டும் அப்படி வருமா? இழையைக் கட்டுகிற டியூபுலின் போன்ற புரதங்கள் நின்று நின்று, நாளுக்குச் சில மில்லிமீட்டருக்குள்தான் நகரும். 1948-இல் பால் வைஸ், ஹெலன் ஹிஸ்கோ இருவரும் நரம்பை இறுக்கிப் பார்த்தார்கள். இறுக்கிய இடத்துக்கு முன்னால் சரக்கு தேங்கி இழை உப்பியது. தளர்த்தியதும் தேங்கியது நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வீதம் நகர்ந்தது.

மனிதர்களில் இழை வளரும் வேகமும் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். என் மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் நுனி 17 சென்டிமீட்டர். 170 நாள், தொடங்க எடுக்கும் சில வாரம் தனி. கணக்குப் போட்ட பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன். டாக்டர் நரம்பு போகும் வழியில் விரலால் தட்டுவார். இழை எட்டிய இடத்தில் சுருக்கென்று மின்சாரம் போல இருக்கும். அந்த இடம் மாதாமாதம் சுமார் ஓர் அங்குலம் முன்னேறியது. ஏழாம் மாதம் சுண்டுவிரல் நுனியில் ஊசி குத்துவது போல ஒரு கூச்சம். அழுதுவிட்டேன்.

நீங்கள் நினைவில் வைக்க மூன்று விஷயம். கண்ணாடியோ கத்தியோ வெட்டி விரல் மரத்தால், ரத்தம் நின்றாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மரத்த விரலைக் கண்ணால் காவல் காக்க வேண்டும். தோசைக்கல்லில் சுட்டது எனக்குக் கொப்புளம் வந்த பிறகே தெரிந்தது. பயிற்சியை நிறுத்தக் கூடாது. இழை வரும்வரை மூட்டுகள் இறுகாமல் இருக்க வேண்டும். ஒன்றரை வருடத்துக்கு மேல் நரம்பு வந்து சேராத தசை பெரும்பாலும் பழைய வலுவைப் பெறாது. அதனால்தான் தையலுக்கு அவசரமும் அதன் பிறகு பொறுமையும் வேண்டும் என்கிறேன்.

இதெல்லாம் கை, கால் நரம்புகளுக்குத்தான். மூளையிலும் தண்டுவடத்திலும் இழைகள் இப்படி வளர்வதில்லை.

இனி லிஃப்டில் கேட்டால் "வந்துகொண்டிருக்கிறது" என்பேன்.