ஒரு கண்ணை மூடிப் பாருங்க

கண்ணுல பெரிய பிரச்சினைன்னா வலிக்கும்னு நினைப்போம். விழித்திரை பிரியும்போது வலியே இருக்காது. அதுதான் ஆபத்து.

எனக்கு முதல்ல கண்ணோரத்துல மின்னல் வெட்டுச்சு. அப்புறம் கொசு பறக்கிற மாதிரி கறுப்புப் புள்ளிகள். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இடது கண்ணை மூடிட்டுப் பார்த்தா, 192 அடி ஆண்டாள் கோயில் கோபுரத்துல கீழ்ப்பாதியைக் காணோம். ரெண்டு கண்ணாலயும் பார்த்தா முழுசா இருக்கு! ஒரு கண்ணோட குறையை இன்னொண்ணு மறைச்சிடுது.

ராஜபாளையத்துல வீட்ல, "பவர் மாறியிருக்கும், சொட்டு மருந்து போடு"ன்னாங்க. பிரிஞ்ச விழித்திரையைச் சொட்டு மருந்து ஒட்டாது, ஆபரேஷன்தான் வழி. பார்வையின் மையப்பகுதி பிரியறதுக்குள்ள போயிடணும். அன்னைக்கே மதுரைக்கு பஸ் ஏறினேன். டாக்டர் வெங்கடசாமி 1976-ல 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கின ஊர் அது.

ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள கேஸ் வச்சாங்க. அது கரையிற வரைக்கும் விமானம், கொடைக்கானல் ரெண்டுமே கூடாது. ஒத்தைக் கண்ணுல தூரம் பிடிபடல. டீ ஊத்தினா டம்ளருக்கு வெளிய போகும். விளிம்புல பாத்திரத்தை முட்டவெச்சு ஊத்தப் பழகினேன்.

மைனஸ் பவர் அதிகம் உள்ளவங்க, இன்னைக்கே ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க. திரை மாதிரி மறைச்சா, நாளைக்குன்னு தள்ளாதீங்க.