மலை மன்றங்களின் கருவூலமும் மக்களின் நிலமும்

நிலத்திற்குக் காவலாக ஓர் ஆட்சி மன்றத்தை அமைத்துவிட்டு, அந்தக் காவலுக்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பதை அரைகுறையாக விட்டுவிட்டால் என்ன நேரும்? இதற்கு விடை தேட விரும்புவோர் மேகாலயத்தின் காசி, ஜயந்தியா, காரோ மலைகளில் இயங்கும் மூன்று தன்னாட்சி மாவட்ட மன்றங்களைப் பார்த்தால் போதும்.

அரசியல் நிர்ணய சபை அமைத்த துணைக் குழு ஒன்று 1947-ல் கோபிநாத் பர்தோலாயின் தலைமையில் அஸ்ஸாமின் மலைப் பகுதிகளை ஆராய்ந்தது. காசி மக்களின் தலைவரான பாதிரியார் நிக்கல்ஸ் ராயும் அதில் உறுப்பினர். மலைவாழ் மக்களின் நிலமும் வழக்காறும் அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்ற கருத்திலிருந்து அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணை பிறந்தது. 1949 செப்டம்பரில் இது விவாதத்திற்கு வந்தபோது, இத்தகைய தனி ஏற்பாடு மக்களைப் பிரித்து வைத்துவிடும் என்று சில உறுப்பினர்கள் கடுமையாக எதிர்த்ததை அவையோர் அறிவர். ஆயினும் அட்டவணை நிலைத்தது. 1952-ல் மன்றங்களும் அமைந்தன.

அட்டவணையின் மூன்றாம் பத்தி, ஒதுக்கப்பட்ட காடுகள் நீங்கலாக உள்ள நிலத்தை உழவுக்கும் மேய்ச்சலுக்கும் குடியிருப்புக்கும் பகிர்ந்தளிப்பது குறித்துச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை மன்றத்திற்கு அளிக்கிறது. காட்டைத் திருத்தி எரித்துப் பயிரிடும் ஜூம் சாகுபடியை ஒழுங்குபடுத்துவதும் அதன் பொறுப்பே. பொதுக் காரியத்திற்காக நிலத்தைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளும் உரிமையை மாநில அரசு தன்னிடம் வைத்துக்கொண்டது. மன்றம் இயற்றும் சட்டத்திற்கு ஆளுநரின் ஒப்புதலும் வேண்டும். மேகாலயத்தில் மற்றொரு கட்டுப்பாடும் உண்டு: மன்றத்தின் சட்டமும் மாநிலச் சட்டமும் முரண்படுமானால் மாநிலச் சட்டமே செல்லும்.

நிலம் யாருடையது என்பது சமவெளியில் வாழ்வோருக்கு எளிதில் விளங்காது. காசி மலைகளில் ரி ராய்ட், ரி கின்டி என இருவகை நிலங்கள் உண்டு. முன்னது ஊர்ச் சமுதாயத்திற்குப் பொதுவானது. அதில் உழைப்பவருக்கு அனுபவ உரிமை உண்டேயன்றி விற்கும் உரிமை இல்லை. தரிசாக விட்டுவிட்டால் அது மீண்டும் சமுதாயத்தைச் சேரும். பின்னது குலத்திற்கோ குடும்பத்திற்கோ சொந்தமானது. காரோ மலைகளில் நிலம் ஆகிங் எனப்படும் பகுதிகளாகப் பிரிந்துள்ளது. நிர்வகிப்பவர் நோக்மா என்னும் தலைவர். ஆனால் உரிமை அவர் மனைவியின் தாய்வழிக் குலத்தினுடையது. பட்டா, சிட்டா என்று பேசிப் பழகிய கண்ணுக்கு இங்கே ஏடு எதுவும் தென்படாது. எல்லை எது என்பதற்கு ஊர்ப் பெரியோரின் நினைவே சான்று.

இந்த நினைவு இப்போது தேய்ந்துவருகிறது. சாலை வந்த இடத்திலும் நகரம் விரிந்த இடத்திலும் நிலத்தின் விலை ஏறிற்று. ஏற ஏற, பொது நிலம் சத்தமின்றித் தனியார் நிலமாக மாறலாயிற்று. பழங்குடியினர் அல்லாதார் நிலம் வாங்குவதை 1971-ம் ஆண்டின் நில மாற்ற ஒழுங்குமுறைச் சட்டம் தடுக்கிறது. ஆனால் பழங்குடியினரிலேயே வசதி படைத்தவர் ஊர்ப் பொது நிலத்தைத் தம்முடையதாக்கிக் கொள்வதை அச்சட்டம் தொடவில்லை. வெளியாரைக் குறித்த அச்சம் மேடைகளில் முழங்கும் அளவுக்கு இந்த உள்வீட்டுப் பெயர்ச்சி பேசப்படுவதில்லை என்பது வருந்தத்தக்கது. பதிவேடு இல்லாத இடத்தில் ஏழை உழவன் எதைக் காட்டி வழக்காடுவான்?

இனி, கருவூலம். நில வரி, தொழில் வரி, விலங்கு, வண்டி, படகு மீதான வரி, சந்தைக்கு வரும் சரக்கின் மீதான வரி, தோணித்துறைச் சுங்கம் ஆகியவற்றை மன்றம் விதிக்கலாம் என்கிறது எட்டாம் பத்தி. 2016-ல் சரக்கு சேவை வரிக்காக அரசியல் சட்டம் திருத்தப்பட்டபோது கேளிக்கை வரியும் இப்பட்டியலில் சேர்ந்தது. பட்டியல் நீளமே, பை மட்டும் நிறைவதில்லை. அளக்கப்படாத நிலத்தில் நில வரி பெருகாது. மோட்டார் வாகன வரியை மாநில அரசே வசூலித்துப் பங்கு தருகிறது. ஷில்லாங்கின் பெரிய சந்தையாகிய இயவ்தூ, மைலியம் சியெம் என்னும் மரபுவழித் தலைவரின் நிர்வாகத்தில் இருக்கிறது.

எஞ்சிய பெரிய வருவாய், சுரங்கங்களின் உரிமைத்தொகை. குத்தகைகளிலிருந்து மாநில அரசு பெறும் தொகையில் ஒரு பங்கு மன்றத்தைச் சேரும்; பங்கு எவ்வளவு என்பதில் தகராறு எழுந்தால் ஆளுநர் தீர்ப்பார். வருவாய் இதைச் சார்ந்தே நின்றதில்தான் பெருந்துன்பம் விளைந்தது. எலி வளை போன்ற குறுகிய துளைகளில் தோண்டப்பட்ட நிலக்கரி, ஜயந்தியா மலையின் ஓடைகளை அமிலமாக்கிற்று. லூக்கா ஆறு குளிர்காலத்தில் நீலநிறம் கொண்டது. 2014 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இம்முறைச் சுரங்கங்களைத் தடை செய்தது. தடை நியாயமானதே. 2018 டிசம்பரில் கிழக்கு ஜயந்தியா மலையில் சட்டவிரோதச் சுரங்கமொன்றில் வெள்ளம் புகுந்து பதினைந்து தொழிலாளர் சிக்கியதே அதற்குப் போதிய சான்று. ஆனால் தடையோடு உரிமைத்தொகையும் சுருங்கிற்று. காரோ மலை மன்றத்தின் ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளமின்றிப் போராட்டத்தில் இறங்கும் நிலை வந்தது. நிலத்தைக் காக்க வேண்டிய மன்றம், அதே நிலத்தைத் தோண்டுவதால் வரும் பணத்தை எதிர்பார்த்து நின்றது என்பதே இங்குள்ள கசப்பான உண்மை.

2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இவ்விஷயத்தில் தெளிவு தந்தது. மேகாலயத்தின் மலை நிலமும் அதன் அடியிலுள்ள கனிமமும் பெரும்பாலும் தனியாருக்கும் சமுதாயங்களுக்கும் உரியவை; எனினும் 1957-ம் ஆண்டின் கனிமச் சட்டப்படி குத்தகை பெறாமல் எவரும் தோண்டலாகாது என்பது தீர்ப்பு. உரிமை மக்களுடையது, நெறி நாட்டினுடையது என்ற இப்பிரிவினை ஏற்கத்தக்கதே.

மத்திய நிதியின் கதையும் கவனிக்கத்தக்கது. பஞ்சாயத்துகளுக்கான 73-வது திருத்தம் மேகாலயத்திற்குப் பொருந்தாது. மாவட்ட மன்றங்கள் அந்த அமைப்புக்கு வெளியே நிற்பவை. ஆகவே 14-வது நிதிக் கமிஷன் உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியம் இவற்றை எட்டவில்லை. 15-வது கமிஷன் இப்பகுதிகளையும் சேர்த்துக்கொண்டது. மாநில நிதிக் கமிஷன் மன்றங்களின் பங்கையும் பரிந்துரைக்க வழிசெய்யும் 125-வது திருத்த மசோதா 2019 பிப்ரவரியில் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்டது. இது விரைந்து நிறைவேற வேண்டிய ஒன்று. அதே வேளையில், மன்றங்களின் கணக்கைத் தணிக்கை செய்யும் பொறுப்பு இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளருடையது என்பதையும், அவ்வறிக்கை மன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும் என்பதையும் மன்ற உறுப்பினர்கள் மறக்கலாகாது. அதிகப் பணம் கோருவோர் பழைய பணத்தின் கணக்கைக் காலத்தில் முடித்துக் காட்டுவதே முறை.

நில அளவைக்கும் பதிவேடுகளுக்கும் மேகாலயம் 1980-லேயே சட்டம் இயற்றிவிட்டது. வேலை மட்டும் மெல்ல நகர்கிறது. தம் நிலம் அரசின் ஏட்டில் ஏறினால் அது அரசின் நிலமாகிவிடுமோ என்று குலத்தார் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தைப் பேதைமை என்று தள்ளிவிட முடியாது. ஆகவே அளவையாளர் சங்கிலியுடன் வருமுன், ரி ராய்ட் நிலம் சமுதாயத்தின் பெயரிலேயே பதிவாகும் என்று எழுத்து மூலம் மன்றம் அறிவிக்க வேண்டும். ஆகிங் எல்லைகளை நோக்மாவும் அவர் மனைவியின் குலத்தாரும் உடன் நடந்து காட்ட வேண்டும். இப்படிச் செய்ய ஆகும் செலவு, மன்றத்தின் ஓராண்டுச் சம்பளப் பட்டியலில் கூட இன்று இடம் பெறவில்லை.