நான்கு மூலைகளும் தெளிவா?



கல்யாண மண்டபத்தில் மேடையருகே நிற்கும் புகைப்படக்காரரின் கேமராவைக் கவனித்தால், அதில் தடித்த, கனமான கறுப்பு லென்ஸ் ஒன்று மாட்டியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பலரின் தோளிலும் அதுவே தொங்கும். 24 மில்லிமீட்டர் முதல் 70 மில்லிமீட்டர் வரை, எஃப் 2.8. தொழில்முறை ஸ்டாண்டர்டு ஜூம் என்றால் இதுதான். 24-இல் வைத்தால் இரு வீட்டாரும் ஒரே படத்தில் அடங்குவார்கள். 70-க்குத் திருப்பினால் மணமகளின் முகம் மட்டும் நிற்கும். முன்னணி நிறுவனங்களின் புது லென்ஸ்கள் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டி விற்கின்றன. அவ்வளவு பணம் போட்டு வாங்குவதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

முதலில், எஃப் 2.8 என்ற எண். ஒளி புகும் துளையின் அளவு அது; எண் கூடக் கூடத் துளை சுருங்கும். கேமராவோடு சேர்த்துத் தரும் கிட் லென்ஸ்கள் பலவற்றில் ஜூமை நீட்ட நீட்டத் துளை சுருங்கி, கடைசியில் எஃப் 5.6-இல் போய் நிற்கும். தொழில்முறை ஜூமில் எந்த இடத்திலும் 2.8 கிடைக்கும். இரண்டுக்கும் நடுவே நான்கு மடங்கு வெளிச்ச வித்தியாசம். அங்கே நொடியில் 60-இல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்க வேண்டுமென்றால், இங்கே 250-இல் ஒரு பங்கு போதும். தாலி கட்டும் கை கலங்காமல் படத்தில் விழுவது இந்த வித்தியாசத்தால்தான்.

ஜூமில் எஃப் 2.8 என்ற அளவு புதிதும் அல்ல. 35 மில்லிமீட்டர் ஃபிலிம் ஸ்டில் கேமராவுக்கென்று வந்த முதல் ஜூம் லென்ஸ், 1959-இல் வெளியான வாய்க்லாண்டர் ஜூமார். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஃபிராங்க் பேக் அதை வடிவமைத்தார். 36 முதல் 82 மில்லிமீட்டர் வரை நீளும் அந்த லென்ஸின் துளையும் எஃப் 2.8-தான்.

லென்ஸ் வாங்கப் போகிறவர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, “ஷார்ப்பா இருக்கா?” என்பது. படத்தின் நடுப்பகுதியில் இன்றைய தொழில்முறை லென்ஸ்கள் எல்லாமே ஷார்ப்பாகத்தான் இருக்கின்றன. ஆகவே சோதனையை மூலைகளிலிருந்து தொடங்க வேண்டும். குரூப் ஃபோட்டோவில் ஓரமாக நிற்கும் பெரியப்பாவின் முகமும் நடுவில் நிற்கும் மாப்பிள்ளையின் முகமும் ஒரே தெளிவோடு வந்தால்தான் ஆல்பம் கொடுக்க முடியும். ஒரே ஓர் இடத்தில் அபாரமாக இருக்கும் லென்ஸைவிட, எந்த இடத்திலும் கைவிடாத லென்ஸே இந்த வேலைக்கு ஏற்றது.

சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. மொட்டை மாடியில் டிரைபாடு போட்டு, வெகுதூரத்தில் தெரியும் செல்போன் டவரைக் குறி வைக்கலாம். துளை எஃப் 2.8. டவரைப் படத்தின் நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து, அந்த ஃபோகஸை மாற்றாமல் டவர் ஒவ்வொரு மூலைக்கும் வரும்படி கேமராவைத் திருப்பி நான்கு படங்கள் எடுக்க வேண்டும். 24, 35, 50, 70 என்று நான்கு இடங்களிலும் இதையே செய்ய வேண்டும். பிறகு கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். நான்கு மூலைகளும் ஒரே அளவில் மங்கினால் அது வடிவமைப்பின் இயல்பு. துளையை எஃப் 5.6-க்குக் குறைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஒரு மூலை மட்டும் மங்கினால், உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியோ சாய்ந்தோ உட்கார்ந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். அந்த லென்ஸைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுப்பது நல்லது.

இப்படி நடப்பதில் வியப்பில்லை. நிக்கான் 2007-இல் வெளியிட்ட 24–70 லென்ஸுக்குள் 15 கண்ணாடிகள் இருந்தன. ஜூம் வளையத்தைத் திருப்பும்போது கண்ணாடிக் கூட்டங்கள் முன்னும் பின்னும் நகர வேண்டும். நகர்ந்தாலும் அச்சு பிசகக் கூடாது. அமெரிக்காவில் லென்ஸ்ரென்டல்ஸ் என்ற வாடகை நிறுவனத்தை நிறுவிய ரோஜர் சிகாலா, ஒரே மாடல் லென்ஸ்களைக் கூட்டமாக அளந்து முடிவுகளை வெளியிட்டவர். ஒரே மாடலின் இரண்டு பிரதிகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதையும், ஜூம்களில் இந்த வேறுபாடு கூடுதல் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். அதனால், ஊரெல்லாம் புகழும் மாடல் என்றாலும் கைக்கு வந்த பிரதியைத் தனியே சோதித்துவிட வேண்டும்.

அடுத்து ஒளி. பிரகாசமான பல்பு ஒன்றைப் படத்தின் எல்லைக்குச் சற்று வெளியே வைத்து எடுத்தால், படம் வெளிறுகிறதா, வண்ணப் புள்ளிகள் தோன்றுகின்றனவா என்று பார்த்துவிடலாம். வெள்ளை வானத்தின் முன் நிற்கும் இலைகளின் விளிம்பில் ஊதா நிறம் கசிகிறதா என்பதும் முக்கியம். பிறகு 70-இல் வைத்து, பின்னணியில் சீரியல் செட் விளக்குகள் மங்கித் தெரியும்படி ஒரு முகத்தை எடுக்க வேண்டும். விளக்குகள் மிருதுவான வட்டங்களாக வருவது நல்லது. சில லென்ஸ்களில் அந்த வட்டங்களுக்குள் வெங்காயத்தை நறுக்கினாற்போல் வளையங்கள் தெரியும்.

உதறல் தடுப்பையும் அளவறிந்து மதிப்பிட வேண்டும். ஃபுல் ஃபிரேம் கேமராக்களுக்கான 24–70 எஃப் 2.8 லென்ஸில் அதை முதலில் கொண்டுவந்தது டாம்ரான், ஆண்டு 2012. நிக்கான் 2015-இல் அதைப் பின்பற்றியது. அந்த வசதி எடுப்பவர் கையின் நடுக்கத்தைத்தான் தணிக்கும். ஓடுகிற குழந்தையை நிறுத்திப் பிடிக்க ஷட்டர் வேகம்தான் உதவும்.

கடைசியாக எடை. நிக்கானின் 2007 லென்ஸ் 900 கிராம்; உதறல் தடுப்போடு வந்த 2015 லென்ஸ் 1,070 கிராம். மிரர்லெஸ் கேமராவுக்காக 2019-இல் வந்தது 805 கிராம். அதன் இரண்டாம் பதிப்பு, 2025-இல், 675 கிராம். சோனியிலும் 2016-இல் 886 கிராமாக இருந்தது 2022-இல் 695 ஆனது. விடியற்காலை முகூர்த்தத்தில் தொடங்கி மாலை வரவேற்பு வரை கேமராவைத் தூக்குகிறவரின் மணிக்கட்டு இந்த வித்தியாசத்தை நன்றாக உணரும். ஆகவே வாங்குமுன், கிடைக்கும் ஊர்களில் ஒருநாள் வாடகைக்கு எடுத்து, உண்மையான ஒரு வேலையில் பயன்படுத்திப் பார்க்கலாம். இருட்டில் ஃபோகஸ் தடுமாறுகிறதா, ஜூம் வளையம் இறுக்கமா, தோள் எத்தனை மணிக்கு வலிக்கத் தொடங்குகிறது என்பதெல்லாம் அன்று மாலைக்குள் தெரிந்துவிடும்.