கட்டடம் கட்டித் தர ஆள் வரும், பஸ் காசு நாம்தான் போட வேணும்

(தோட்ட மரண உதவிச் சங்கப் பொதுக்கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

நோயாளிகளுக்குச் செய்யும் தர்மம் பற்றியும், வெளியிலிருந்து வரும் உதவிப் பணம் பற்றியும் பேசச் சொன்னார்கள். எல்லோருக்கும் களைப்பு இருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன்.

நான் பாலமுனைக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். அம்பாறைக் கரையோரத்தில் ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் நடுவில் இருக்கிற ஊர். எங்கட பக்கம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், "இன்னாருக்கு ஆபரேசன், உதவி செய்யுங்க" என்று பள்ளிவாசலில் அறிவிப்பது வழக்கம். இருக்கிறவர் ஆயிரம் போடுவார், கடலுக்குப் போய் வெறுங்கையோடு வந்தவர் இருபது போடுவார். இது விருப்பத்துக்குக் கொடுப்பது. ஸகாத் என்று இன்னொன்று இருக்கிறது. வசதியுள்ளவர் சேர்த்து வைத்த பணத்தில் வருஷம் ஒருமுறை நாற்பதில் ஒரு பங்கைக் கொடுத்தே ஆக வேணும். அது ஏழையின் பங்கு. அதனால் கொடுக்கிறவர் பெருமைப்படவும் இடமில்லை, வாங்குகிறவர் கூனிக் குறுகவும் தேவையில்லை. ஏழையின் காசு நம் கையில் இருக்கும் வரைக்கும் அதை அமானிதம் என்போம், அதாவது அடைக்கலப் பொருள். கோயில் உண்டியலும், மாதா கோயில் காணிக்கையும் இதே மாதிரிதான்.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தது. இலங்கையில் ஆகக் கூடுதலாக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்தான். அதன் பிறகு உலகம் முழுக்க இருந்து உதவி வந்தது. வீடு, படகு, பள்ளிக்கூடம் என்று நிறையக் கிடைத்தது, அந்த நன்றியை மறக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கேளுங்கள். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நன்கொடையில் 500 வீடுகள் கட்டினார்கள். கூடவே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடைத்தொகுதி எல்லாம் கட்டினார்கள். வீடு யாருக்கு என்ற தகராறு கோர்ட் வரைக்கும் போனது. பல வருஷம் ஆள் குடியேறாமல், காடு பற்றிக் கிடந்தது. காசு வந்தது, கட்டடமும் எழும்பியது, ஆனால் கூடாரத்தில் இருந்தவனுக்கு அது உதவவில்லை. கொடுக்கும் மனசு மட்டும் போதாது, அது உரியவர் கைக்குப் போய்ச் சேரவும் வழி வேணும்.

மலையகத்துக்கும் உதவி வந்திருக்கிறது. டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியின் புதிய கட்டடம் இந்திய நன்கொடையில் 150 கட்டில்களோடு கட்டப்பட்டு, 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி திறந்து வைத்தார். 1990 அம்புலன்ஸ் சேவையும் இந்திய நன்கொடையில் 2016ஆம் ஆண்டு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்தது. அந்த நம்பருக்குக் கோல் எடுக்கவும் காசில்லை, வண்டிக்கும் காசில்லை. பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

இப்போ நீங்களே யோசித்துப் பாருங்கள். மஹரகம ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு மருந்து இலவசம், வார்டும் இலவசம். ஆனால் இங்கேயிருந்து மஹரகம போய் வர பஸ் காசு யார் தருவது? துணைக்குப் போகிற ஆளின் சாப்பாடு? அவர் வேலைக்குப் போகாத நாளின் பேர்? இதற்கெல்லாம் எந்த வெளிநாடும் பணம் அனுப்பாது. கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை வைக்கலாம், பஸ் டிக்கட்டில் யாருடைய பெயரையும் எழுத முடியாது. முதல் இரண்டு கிளினிக்குக்கு நகையை அடகு வைத்துப் போவோம். மூன்றாவதுக்குக் காசில்லை, "அடுத்த மாசம் பார்ப்போம்" என்போம். அந்த அடுத்த மாதத்தில்தான் நோய் முற்றிப் போகிறது. மார்பில் கட்டி இருந்தும் செலவுக்குப் பயந்து புருஷனிடம்கூடச் சொல்லாமல் கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் நம் லயங்களிலும் இருக்கலாம்.

ஆகவே முதலில், ஏற்கனவே நமக்கு உரிமையாக இருப்பதைக் கேட்டு வாங்குவோம். ஈ.டி.எஃப். என்கிறோமே, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம், அதற்கு நம் சம்பளத்தில் ஒரு சதமும் பிடிப்பதில்லை. தோட்டம்தான் சம்பளத்தின் 3 வீதத்தைக் கட்டுகிறது. வேலையை விட்ட பிறகு கிடைக்கிற பணம் என்று மட்டும்தான் நினைத்திருக்கிறோம். கண்ணுக்கு லென்ஸ் வைப்பது, இருதய ஆபரேசன், சிறுநீரக மாற்று ஆபரேசன் இவற்றுக்கும் அங்கத்தவருக்கு அதில் உதவி இருக்கிறது. அடுத்தது ஜனாதிபதி நிதியம். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது, பெரிய வைத்தியச் செலவுக்கு உதவி செய்கிறது. முன்பெல்லாம் அதற்குக் கொழும்புக்கு அலைய வேண்டும். 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். ஆபரேசன் முடிந்த பிறகு ஓடாதீர்கள், டொக்டர் திகதி குறித்த உடனே வாருங்கள். படிவம் நிரப்ப நான் இருக்கிறேன், அதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

இதற்கும் மேலே குறைகிற பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் நமக்கென்று ஒரு நோயாளர் உதவி நிதி வேண்டும். ஏழைத் தோட்டத்தில் எங்கே காசு என்று கேட்பீர்கள். சாவுக்கு மாதாமாதம் சந்தா கட்டுகிறோம். பெட்டியும் பந்தலும் குறையில்லாமல் நடக்கிறது. சாவுக்குச் சேர்க்கத் தெரிந்த நமக்கு, உயிரோடு இருக்கிறவரைக் காப்பாற்றச் சேர்க்கத் தெரியாதா? 200 குடும்பம் மாதம் 50 ரூபா போட்டால் 10,000. வருஷத்துக்கு ஒரு இலட்சத்து இருபதாயிரம்.

சின்னக் காசு என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். 2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் நடந்தே போய்ச் சேர்த்த காசில், தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழும்பியது. தெற்கிலுள்ள சிங்களச் சனங்களும் வடக்கிலுள்ள நோயாளிக்காகக் கொடுத்தார்கள். 2016இல் மஹரகம ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் மெசின் வாங்க, மகனுக்குப் புற்றுநோய் வந்த ஒரு தகப்பன் முன்னுக்கு நின்று, கதீஜா பவுண்டேஷன் மூலம் நாட்டு மக்களிடம் கேட்டார். இருபது கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. எல்லா மதத்தவரும் போட்டார்கள்.

ஆனால் காசு சேரும் இடத்தில் சந்தேகமும் சேரும். அதனால் நாலு ஒழுங்கு சொல்கிறேன். ஒன்று, பணம் யாருடைய வீட்டுப் பெட்டியிலும் இருக்கக் கூடாது, வங்கியில் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். இரண்டு, பணம் எடுக்க மூன்று பேர் கையெழுத்து, அதில் ஒருவர் கட்டாயம் பெண். மூன்று, வரவு செலவை மாதாமாதம் டிஸ்பென்சரிச் சுவரில் ஒட்ட வேண்டும். தொகையை மட்டும் எழுதினால் போதும், நோயாளியின் பெயரும் நோயின் பெயரும் வேண்டாம். உதவி வாங்கினதற்காக யாரும் தலைகுனியக் கூடாது. நாலு, கட்சியும் யூனியனும் சாதியும் பார்க்கக் கூடாது. கிளினிக் கார்டு மட்டும்தான் சாட்சி.

கணக்குச் சுத்தமாக இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. நாளைக்கு ஒரு நிறுவனத்திடம் உதவி கேட்கப் போனால், "இதுவரைக்கும் எத்தனை பேருக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கொப்பியைத் திறந்து காட்டினால் போதும், கெஞ்ச வேண்டியதில்லை. இன்னொரு எச்சரிக்கை: வட்ஸ்அப்பில் யாரோ ஒரு பிள்ளையின் படத்தோடு காசு கேட்டு வந்தால், விசாரிக்காமல் அனுப்பாதீர்கள். நம் லயத்திலேயே மருந்துக்குப் போக வழியில்லாமல் ஒருவர் இருப்பார்.

இந்த மாதச் சந்தா கொடுக்க வரும்போது, 50 ரூபா கூடுதலாகக் கொண்டு வாருங்கள். முடியாதவர் 20 தாருங்கள். அதுவும் முடியாதவர், ஆஸ்பத்திரிக்குத் துணை போக ஒரு நாளைத் தாருங்கள், அதையும் நான் கொப்பியில் வரவாகவே எழுதுவேன். கிளினிக் திகதி தவறிப் போனவர்கள் கூட்டம் முடிந்ததும் கார்டோடு என்னை வந்து பாருங்கள்.