'கூலி'யும் 'லேபர்'உம்: இரு சொற்களின் வழக்கு



கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளிடையே கூடியுள்ள நாம், இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒப்பிட்டு நோக்க விழைகிறோம். ஒன்று 'கூலி', மற்றொன்று 'லேபர்'. மலாயாத் தோட்டங்களின் ஆங்கில ஏடுகளில் இரண்டும் நம் முன்னோரைக் குறித்தன.

'லேபர்' பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் வரும். பெயராகுங்கால் உழைப்பையும், உழைப்போர் தொகுதியையும், மகப்பேற்று வலியையும் குறிக்கும். வினையாகுங்கால் 'பாடுபடு' எனப் பொருள்படும். ஒருவரைச் சுட்ட வேண்டின் விகுதி சேர்த்து 'லேபரர்' என்பர். தமிழிலும் 'உழை' என்னும் வினையிலிருந்தே 'உழைப்பு', 'உழைப்பாளி' என்பன பிறக்கின்றன.

ஆங்கிலக் 'கூலி'க்கு அத்தகைய வினைவடிவம் வழக்கில் இல்லை. அது பெயர்ச்சொல், 'கூலி லைன்' என்பதிற்போல மற்றொரு பெயர்க்கு அடையாகவும் நிற்கும். அதன் பிறப்பைக் குசராத்தின் கோலி இனப்பெயரில் காண்பாரும் உளர். தமிழ்க் 'கூலி'யில் காண்பாரும் உளர். இரண்டும் கலந்தன என்பாரும் உளர். எவ்வாறாயினும், தமிழில் 'கூலி'யின் முதற்பொருள் ஊதியம். ஆளைச் சுட்ட 'ஆள்' சேர்த்துக் 'கூலியாள்' என்கிறோம். ஆங்கிலத்திலோ அச்சொல் ஆளையே குறித்தது. முயற்சிக்குக் கிட்டும் பயனைத் திருவள்ளுவர் 619ஆம் குறளில் 'கூலி' என்றே சுட்டுகிறார். இழிவு சொல்லின் பிறப்பில் இல்லை. வழங்கியோர் வழக்கில் உள்ளது.

தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளையும் 'கூலி பாரிஸ்டர்' என்றழைத்தனர். வழக்குரைஞருக்கும் அப்பெயர் ஒட்டியதெனில், அது தொழிலைவிட்டு இனத்தைக் குறிக்கத் தொடங்கிவிட்டது என்பது தெளிவு.

மலாயாவுக்கான ஒப்பந்தமுறை ஆட்சேர்ப்பு 1910இல் முடிவுற்றது. கங்காணி முறை 1938இல் நின்றது. இடைப்பட்ட 1929இல் ஜே. ஏ. ரசல் இம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். காடு திருத்தவும் கொழுந்து பறிக்கவும் தமிழர் கைகள் வேண்டியிருந்தன. முறைகள் ஒழிந்த பின்னும் 'கூலி' என்னும் விளி உடனே ஒழியவில்லை.

ஆகவே ஆசிரியர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய ஆவணத்தில் 'கூலி' என்று ஆளைக் குறித்திருந்தால், மேற்கோளில் அவ்வாறே வைப்போம். மறைத்தல் வரலாற்றுக்குத் தீங்கு. நம் சொந்த நடையில் எழுதுங்கால் 'தொழிலாளி' என்போம். 'கூலி'யை ஊதியத்திற்கே உரியதாக்குவோம்.

இன்று இச்சரிவுகளில் வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோரும் கொழுந்து பறிக்கின்றனர். அவர்தம் நாட்டின் பெயரைச் சுருக்கி, அதனையே ஆளின் பெயராக்கி விளிக்கும் வழக்கம் நம்மிடையேயும் காணப்படுகிறது. நம் பாட்டன்மார்க்கு நேர்ந்ததை அறிந்த நாமே அதனைப் பிறர்க்குச் செய்தல் தகாது. அவர்களைத் தொழிலாளர் என்போம். பெயர் கேட்டறிந்து பெயர் சொல்லி அழைப்போம்.