பதிப்புகள் பல, கணக்கு ஒன்று



சிவில் படித்தவன் சாப்ட்வேர் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. கட்டட வரைபடத்துக்கான 'ரெவிட்' மென்பொருளோடு சேர்ந்து ஓடும் துணைநிரல்கள் எழுதுவதுதான் என் பிழைப்பு. இரண்டு துறைக்காரர்களும் என்னைச் சொந்தம் கொண்டாடலாம்!

ஆட்டோடெஸ்க் நிறுவனம் ரெவிட்டை ஆண்டுதோறும் புதுப் பதிப்பாக வெளியிடுகிறது. எல்லோரும் புதியதற்கு மாறிவிட வேண்டியதுதானே என்பீர்கள். அதுதான் முடியாது. புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழையதில் திறக்காது. ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சரல், பிளம்பிங் என்று பத்துப் பேர் கோப்பைப் பகிரும் ஆஸ்பத்திரி வேலை, பெரும்பாலும் தொடங்கிய பதிப்பிலேயே முடியும். ஆகவே ஒரே ஆபீசில் 2022, 2024, 2025 மூன்றும் ஓடும். நம் நிரல் மூன்றிலும் ஓடியாக வேண்டும்.

ஏ.பி.ஐ., அதாவது நம் நிரல் ரெவிட்டுக்குள் நுழையும் வாசல், சும்மா இருப்பதில்லை. 2024-இல் ஒவ்வொரு பாகத்தின் அடையாள எண்ணும் 32 பிட்டிலிருந்து 64 பிட் ஆனது. 2025-இல் டாட்நெட் பிரேம்வொர்க் 4.8 போய் டாட்நெட் 8 வந்தது.

நான் பார்த்த ஒரு குழுவில் பதிப்புக்கொரு போல்டராக நிரலை நகல் எடுத்து வைத்திருந்தார்கள். ரெவிட் நீளத்தை உள்ளுக்குள் அடிக்கணக்கில்தான் வைத்திருக்கும். மில்லிமீட்டராக்க 304.8-ஆல் பெருக்க வேண்டும். கம்பிப் பட்டியல் நிரலில் யாரோ 300 என்று போட்டுவிட்டார்கள். 2024 போல்டரில் திருத்தியாயிற்று. 2022 போல்டரை யாரும் தொடவில்லை. 6,096 மி.மீ. கம்பி பட்டியலில் 6,000 என்று வந்தது. முழு எண்ணாக இருக்கவே ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கம்பி வெட்டுமுன் மேஸ்திரி வரைபடத்தோடு ஒத்துப் பார்த்து, "சார், 96 மில்லி குறையுதே" என்றார். அவர் கேட்காவிட்டால் இணைப்பு நீளத்தில் அடிபட்டிருக்கும்.

வழி இதுதான். கணக்கை ரெவிட்டின் வாடையே இல்லாமல் தனியாக எழுதுங்கள். ரெவிட்டோடு பேசுவதற்கு மெல்லிய இடைத்தட்டு ஒன்று போதும். அடையாள எண் வேண்டுமா? 2022-இல் 'இன்டிஜர்வேல்யூ', 2024 முதல் 'வேல்யூ'. எதைக் கேட்பது என்ற பதிப்பு நிபந்தனை அந்தத் தட்டில் ஒரே ஒரு பங்ஷனுக்குள் இருக்கட்டும். அதையே நிரல் முழுக்க இருநூறு இடத்தில் தெளித்தால், எழுதியவருக்கே ஆறு மாதத்தில் புரியாது.

ஒருமுறை கம்பைல் செய்த டி.எல்.எல்.-ஐயே எல்லாவற்றிலும் போடலாமே என்று கேட்பார்கள். சில நாள் ஓடும். இல்லாத வாசலைத் தட்டும்போதுதான் விழும், அதுவும் வாடிக்கையாளர் முன்னால்! மூலநிரல் ஒன்று, ஆனால் அந்தந்தப் பதிப்பின் லைப்ரரியை வைத்துத் தனித்தனியாகக் கம்பைல் செய்ய வேண்டும். அப்போது தவறு நம் மேஜையிலேயே தெரிந்துவிடும். கணக்குப் பகுதியை ரெவிட்டைத் திறக்காமலே சோதிக்கலாம் என்பது உபரி லாபம்.

2022-இல் ஓடும் கடைசி வேலை முடிந்ததும் இடைத்தட்டில் அதற்கான வரிகளை அழித்துவிடுவோம். கணக்கைத் தொட வேண்டியிராது. நிரலைப் பார்க்க விரும்பும் தம்பி தங்கைகள் சாப்பாட்டுக்குப் பிறகு லேபுக்கு வாங்க. லேப்டாப் கொண்டு வந்திருக்கிறேன்.