காலனியும் நகரும் ஒரே பொருளா?

(கோவையில் மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

வங்காளியில் தண்ணீருக்கு இரண்டு சொற்கள். இந்துக்கள் பெரும்பாலும் 'ஜோல்' என்பார்கள். முஸ்லிம்கள் 'பானி' என்பார்கள். தாகத்துக்குக் கேட்கிற சொல்லிலேயே கேட்பவரின் மதம் தெரிந்துவிடும். இத்தனைக்கும் 'பானி'யும் சமஸ்கிருத 'பானீய'த்திலிருந்து வந்ததுதான். சொல் எங்கே பிறந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. யார் வாயில் இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள்.

நம் கொங்குப் பகுதியில் அந்த வேலையைச் செய்பவை குடியிருப்புக்கான சொற்கள். ஊர், தோட்டம், சாளை, வளவு, காலனி, நகர். அகராதிக்கு எல்லாமே மனிதர் வசிக்கும் இடம். "எங்கீங்க குடியிருக்கறீங்க?" என்று கேட்டு "தோட்டத்துலங்க" என்று பதில் வந்தால் நாற்காலி வரும். "காலனிங்க" என்று வந்தால், கேட்டவரின் 'ங்க' அங்கேயே உதிர்ந்துவிடும். கொங்குத் தமிழின் மரியாதையைப் பற்றிச் சினிமா வரைக்கும் பெருமை பேசுகிறோம். அந்த 'ங்க' யாருக்கெல்லாம் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

கோவைக்குள் சாய்பாபா காலனி இருக்கிறது. அங்கே வீடு என்றால் வசதியானவர் என்று அர்த்தம். அங்கிருந்து பஸ் ஏறி அன்னூர் பக்கம் போய் இறங்குங்கள். அதே சொல்லுக்கு அருந்ததியர், ஆதிதிராவிடர் தெரு என்று அர்த்தம். லத்தீனில் 'கொலோனுஸ்' என்றால் நிலத்தை உழுபவர். காலனி அதிலிருந்து வந்த சொல். நம்மூர்க் காலனியில் எத்தனை பேருக்குச் சொந்த நிலம் இருக்கிறது?

'சேரி'யும் ஒரு காலத்தில் பொதுச்சொல்தான். சோழர் காலத்தில் பிராமணக் குடியிருப்பின் பகுதிகளுக்கும் சேரி என்றே பெயர் இருந்தது. அதே காலத்து முதலாம் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டில் 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்றும் வருகிறது. பிராமணருக்கு அந்தச் சொல் தேவைப்படாமல் போயிற்று, நம் தலையில் நின்றுவிட்டது. பிறகு காந்தியின் 'ஹரிஜன்' வந்தது. அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. அப்புறம் காலனி.

2025 ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். "பெயரை மாற்றினால் சாதி போய்விடுமா?" என்று உடனே கேட்டார்கள். தன் விலாசத்தைக் குரல் தாழ்த்திச் சொல்ல வேண்டிய நிலை வராதவர்கள்தான் பெரும்பாலும் இதைக் கேட்கிறார்கள். டி.சி.யில், ரேஷன் கார்டில், வேலைக்கான விண்ணப்பத்தில் அந்தச் சொல்லை எழுதிப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. நான் இந்த அறிவிப்பை வரவேற்கிறேன்.

ஆனால் ஒத்த பொருள் உள்ள இரண்டு சொற்களில் எதை எடுப்பது என்ற உரிமை யார் கையில் இருக்கிறது? நாடூரை நினைத்துப் பாருங்கள். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நாடூரில் சுவர் இடிந்து விழுந்து 17 தலித்துகள் செத்துப்போனார்கள். செய்திகளில் அது 'சுற்றுச்சுவர்'. அங்கே குடியிருந்தவர்களுக்கு அது 'தீண்டாமைச் சுவர்'. சுற்றுச்சுவர் என்றால் மழையும் மோசமான கட்டுமானமும் குற்றவாளி. தீண்டாமைச் சுவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உள்ளே வர வேண்டும். அகராதியில் இரண்டுமே சுவர்தான், வழக்கு மட்டும் வேறாகிவிடுகிறது. 'காலனி'யை எடுக்க முன்வந்த அரசு இந்தச் சொல்லை எழுதவும் முன்வர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டாமா?

இன்னொன்று. காலனியை எடுத்துவிட்டு 'நகர்' என்று பலகை வைத்து, தண்ணீர்க் குழாயும் சுடுகாட்டுப் பாதையும் பழையபடி தனியாகவே இருந்தால், பத்து வருடத்தில் "ஓ, அந்த நகரா?" என்று கேட்பார்கள். அதனால் உங்கள் ஊர்க் கிராமசபைக்குப் போங்கள். புதுப் பெயரை அந்தத் தெருக்காரர்களே முடிவு செய்தார்களா என்று கேளுங்கள். அதே தீர்மானத்தில் குழாயையும் பாதையையும் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மான நகலைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.